வயலின் வாசித்தவர் பெயர் எங்கே?

சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு சினிமாப் பாட்டில் வயலின் வாசித்தவரை, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சந்தித்தேன். இடது கை விரல் நுனிகள் தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்திருந்தன. கழுத்தின் இடப்பக்கம், வயலினைத் தாங்கியதால் கறுத்துப்போன தழும்பு. இரண்டாம் சரணத்துக்கு முன் வரும் இடையிசையைப் பற்றிச் சொன்னதும், ஒரு ஸ்வரம் பிசகாமல் அதைப் பாடிக் காட்டினார். அத்தனை வருஷமாக எனக்கு அவர் பெயரே தெரியாது! கேசட் அட்டையில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர் பெயர் அநேகமாக இருக்காது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலினும், 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் பெயரோடு நம்மிடம் வந்தன. சினிமாப் பாட்டில் அந்த மரியாதை அபூர்வம். இது அநியாயம். கேசட் அட்டையிலாவது இடமில்லை என்று சொல்லலாம், இன்றைய இசைச் செயலிகளில் இடத்துக்கு என்ன பஞ்சம்? பழைய பாடல்களின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனங்கள், வாசித்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே தேடிப் போய்க் கேட்டு, பாட்டுக்குப் பாட்டு பெயர் சேர்க்க வேண்டும். சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம்.