பலவீனமான பக்கத்துக்குத்தான் பந்து வரும்!

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



மலருக்கு விளையாட்டு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றதும், கிரிக்கெட்தான் எழுதப்போகிறான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கிரிக்கெட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது வாலிபால். அதிலும் பீச் வாலிபால். 'நல்லம்பள்ளியில ஏதுடா பீச்?' என்று சிரிக்க வேண்டாம். கடலைப் பார்க்க நாம் ராத்திரி பஸ் ஏறணும் என்பது உண்மைதான். ஆனால் வாலிபால் நமக்கு அந்நியமா? இரண்டு கம்பம், ஒரு வலை, சுண்ணாம்புக் கோடு... இது இருந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஊரே கூடிவிடும். பொங்கல் போட்டி வைக்காத கிராமம் நம் பக்கத்தில் எத்தனை?

வாலிபாலில் பெயர் சொல்ல நமக்கும் ஆட்கள் உண்டு. அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே வாலிபாலுக்காக அதை வாங்கியவர் ஏ.பழனிசாமி. 1982-ல் வாங்கியவர் தமிழ்நாட்டின் ஜி.இ.ஸ்ரீதரன். 1986 சியோல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார் கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ். இத்தாலி கிளப்புகள் கூப்பிட்டு ஆடவைத்த மனிதர். மறு ஆண்டே இத்தாலியில் கார் விபத்தில் இறந்துபோனார். இவர்களெல்லாம் ஆறு பேர் ஆட்டக்காரர்கள். நான் சொல்ல வந்தது இரண்டு பேர் ஆட்டத்தைப் பற்றி. அதற்கு அமெரிக்காவின் கார்ச் கிராலியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. (அவர்கள் ஊரில் 'கிராய்' என்று உச்சரிக்கிறார்கள். நாம் எழுத்துக் கூட்டிப் படிப்போம், தப்பில்லை.)

1960-ல் பிறந்தவர். அப்பா ஹங்கேரி நாட்டுக்காரர். 1956 எழுச்சிக்குப் பிறகு நாட்டை விட்டுத் தப்பி வந்தவர், அங்கே ஜூனியர் அணியில் வாலிபால் ஆடியவர். ஆறு வயதில் மகன் கையில் பந்தைக் கொடுத்தார். பதினோரு வயதில் அப்பனும் பிள்ளையும் ஒரே ஜோடியாகக் கடற்கரைப் போட்டியில் இறங்கினார்கள். பிறகு 1984 லாஸ் ஏஞ்சலீஸ், 1988 சியோல் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆறு பேர் ஆட்டத்தில் தங்கம். 1996 அட்லாண்டாவில் பீச் வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது கென்ட் ஸ்டெஃபஸுடன் ஜோடி சேர்ந்து அதிலும் தங்கம். அப்போது வயது 35! உள்ளரங்கம், மணல் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஒரே ஆள் இவர்தான். மணலில் மட்டும் 148 பட்டங்கள். கடைசிப் பட்டம் 2005-ல், 44 வயதில். நடுவே பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பட்டம் வேறு. 'விளையாடுறவன் படிக்க மாட்டான்' என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள்.

சரி, பட்டியல் போதும். பட்டியலைப் பார்த்துவிட்டு, 'அவருக்கு வெறி, அதான் ஜெயிச்சார்' என்று சொல்லிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். மேடையில் பேச வருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். மனசுல வெறி வேணும், நெஞ்சுல நெருப்பு வேணும், ஜெயிப்பேன்னு நம்பணும்... நாமும் கை தட்டுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நெருப்பு எல்லார் நெஞ்சிலும்தான் இருக்கிறது. தோற்ற அணிக்கு வெறி இல்லை என்று யார் சொன்னது? நம் டிபார்ட்மெண்ட் மேட்ச்சில் தோற்றவன் கண்ணைப் பார்த்தால் தெரியாதா?

கிராலியின் ஆட்டத்தில் நான் பார்ப்பது வேறொரு விஷயம். 1984-க்கு முன்னால் அமெரிக்க அணியின் பயிற்சியாளர் டக் பீல் ஒரு காரியம் செய்தார். எதிரி சர்வீஸ் போட்டால் வழக்கமாக ஐந்து பேர் வளைந்து நின்று பந்தை வாங்குவார்கள். பீல் அந்தப் பொறுப்பை இரண்டே பேரிடம் ஒப்படைத்தார். ஒருவர் ஆல்டிஸ் பெர்சின்ஸ், மற்றவர் கிராலி. ஒன்பது மீட்டர் அகலத்தையும் இரண்டு பேர் காக்க வேண்டும். இதில் என்ன பெருமை? கைதட்டல் கிடையாது, போட்டோ கிடையாது. குனிந்து, முழங்கை மடங்காமல், பந்தைச் செட்டர் தலைக்கு நேராக அனுப்புகிற வேலை. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர் அந்த வேலையைச் செய்தார். ஸ்மாஷும் அடித்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஸ்மாஷ் அடிக்க அந்த அணியில் வேறு ஆட்களும் இருந்தார்கள்.

நம் கிரவுண்டுக்கு வந்து பாருங்கள். வார்ம்-அப் என்றால் என்ன நடக்கிறது? வரிசையாக நின்று ஆளாளுக்கு ஸ்மாஷ். வலைக்கு அந்தப் பக்கம் பந்து பொறுக்க ஃபர்ஸ்ட் இயர் பசங்க. 'அண்ணா, எனக்கு ஒண்ணு தூக்குங்கண்ணா' என்று கெஞ்சல். அண்டர்-ஹேண்ட் பழகுகிறேன் என்று ஒருத்தன் சுவரோரம் போனால் அவனைப் பார்த்துச் சிரிப்பு. மேட்ச் அன்றைக்கு முதல் சர்வீஸிலேயே பந்து கையில் பட்டு பைக் ஸ்டாண்டுக்குப் போகும். அப்புறம் ஸ்மாஷ் அடிக்கப் பந்து எங்கே?

ஆறு பேர் ஆட்டத்தில் இதை மறைத்துக்கொள்ளலாம். ரிசீவ் தெரியாதவனைப் பின்னால் நகர்த்தி, பக்கத்தில் நல்ல கையை நிறுத்தி ஒப்பேற்றலாம். இரண்டு பேர் ஆட்டத்தில் அதற்கு இடமே இல்லை. பக்கத்துக்கு எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர், ஆள் இரண்டு. மாற்று ஆட்டக்காரர் கிடையாது. யார் பந்தை வாங்குகிறாரோ, அவருக்கே மற்றவர் தூக்கிக் கொடுப்பார். வாங்கியவரே ஓடிப்போய் அடிக்க வேண்டும். பிளாக்கில் விரல் பட்டாலும் மூன்று தொடுதலில் ஒன்று போய்விடும். உள்ளரங்கில் செய்வதுபோல விரல் நுனியால் நைசாகத் தள்ளிவிடவும் விடமாட்டார்கள். இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. இரண்டு பேரில் யார் சுமார் என்று எதிரிக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு மணி நேரமும் சர்வீஸ் அவருக்குத்தான்! நல்லா ஆடுறவன் பக்கம் பந்தே வராது, நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். உங்கள் ஜோடியின் பலம் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். பலவீனம் எங்கே என்று தேடித் தேடிப் போடுவார்கள்.

இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம். ஏன் வருகிறேன் என்று புரிந்திருக்கும்!

ஒரு லேத்துக்கு ஐந்து பேர். அதில் ஒருத்தனுக்குக் கை நன்றாக வரும். சக்கில் ஜாபைப் பிடித்து, டூல் செட் பண்ணி, ஃபேசிங், டர்னிங் எல்லாம் அவனே முடித்துவிடுவான். ஒருத்தன் அளவு எடுப்பான். ஒருத்தன் வேஸ்ட் துணியால் சிப்ஸைத் துடைப்பான். மற்ற இரண்டு பேர் வாசலில் நின்று 'ஸ்டாஃப் வர்றாங்களா' என்று பார்ப்பார்கள். சாயங்காலம் ஐந்து ரெக்கார்டு நோட்டிலும் ஒரே ரீடிங். எல்லோருக்கும் கையெழுத்து. மின்னியல் லேபிலும் இதே கதைதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கனெக்‌ஷன் கொடுப்பவன் ஒருத்தன், வோல்ட் மீட்டரைப் பார்ப்பவன் ஒருத்தன். சிவிலில் தியோடலைட்டைத் தொடுபவன் ஒருத்தன், மீதிப் பேர் குடை பிடிக்க!

இது ஆறு பேர் ஆட்டம். மறைந்துகொள்ள இடம் இருக்கிறது. ஆனால் பிராக்டிகல் பரீட்சையில் சீட்டு எடுக்கும்போது ஆட்டம் மாறிவிடும். துணைக்கு ஜோடி கூடக் கிடையாது. டர்னிங் நன்றாக வரும் என்று தைரியமாக நின்றவன் கையில் டேப்பர் டர்னிங் வந்து நிற்கும். இன்டர்வியூவிலும் அப்படித்தான். தியரியெல்லாம் ஒப்பித்த பிறகு, வெர்னியரைக் கையில் கொடுத்து 'அளவு சொல்லு தம்பி' என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாம் எதைத் தொடாமல் விட்டோமோ, பந்து சரியாக அங்கேதான் வருகிறது. டிப்ளமா படித்தவன் என்றால் கைவேலை தெரிந்தவன் என்று வெளியே ஒரு நம்பிக்கை இருக்கிறது. நமக்கு இருக்கிற ஒரே பெருமையும் அதுதான். அதையும் ரெக்கார்டு நோட்டில் காப்பி அடித்துவிட்டால் நம்மிடம் மிச்சம் என்ன?

ஜெயிக்கிற மனசு என்பது இதிலிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி. அட்லாண்டாவில் கிராலி ஜோடி ஆடிய ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். எதிரில் நின்றவர் சின்ஜின் ஸ்மித், ஒரு காலத்தில் கிராலிக்கே ஜோடியாக ஆடியவர். கூட கார்ல் ஹென்கல். பதினைந்தில் முடிய வேண்டிய ஆட்டம் 17-15 வரை இழுத்தது. வெயில், கூட்டம், பழைய நண்பனோடு மல்லுக்கட்டு... அந்த நேரத்தில் 'நான் ஜெயிப்பேன்' என்று மனசுக்குள் மந்திரம் சொன்னால் பந்து தூங்கிவிடுமா? வருகிற பந்தை வாங்கத் தெரியும் என்கிற நிச்சயம் இருந்தால் கை நடுங்காது. அந்த நிச்சயம் முப்பது வருஷமாகப் பந்து வாங்கி வாங்கி வந்தது. தைரியம் முதலில், திறமை பிறகு என்கிறார்கள். எனக்கென்னவோ தலைகீழாகத்தான் தெரிகிறது.

மணல் ஆட்டத்தில் இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு பக்கப் புள்ளியும் சேர்ந்து ஏழு ஆனதும் பக்கம் மாறணும், கடைசி செட்டில் ஐந்துக்கு ஒருமுறை. காற்றும் வெயிலும் ஒருத்தருக்கே சாதகமாக இருக்கக் கூடாது என்பதற்காக. 'காத்து எங்களுக்கு எதிரா அடிச்சுதுப்பா' என்று அங்கே சொல்லிப் பிழைக்க முடியாது.

உடனே ஒரு கேள்வி வரும். 'கிராலிக்கு அப்பா ஆட்டக்காரர், வீட்டுப் பக்கத்திலேயே கடற்கரை. எங்கப்பா தக்காளி மூட்டை தூக்குறாரு, எங்களுக்கு யார் சொல்லித் தருவா?' நியாயமான கேள்வி. வசதி ஒன்றுமே இல்லை, மனசு மட்டும் போதும் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் தொப்பூர் கணவாயைத் தாண்டிப் பாருங்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய ஒரு பையன். குடும்பத்தைக் காப்பாற்றியது அம்மா. காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும். அந்தப் பையன் பள்ளியில் முதலில் விரும்பி ஆடியது வாலிபால்தான்! உடற்கல்வி ஆசிரியர் பார்த்து உயரம் தாண்டுதலுக்குத் திருப்பினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலு அவர்தான். அதோடு நிற்கவில்லை. 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். தங்கத்திலிருந்து வெண்கலத்துக்கு இறங்கிவிட்டாரே என்று பேசியவர்களும் உண்டு. எட்டு வருஷம் உலகத்தின் முதல் மூன்று பேரில் நிற்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. கம்பத்தின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள் அந்த ஆட்டத்தில். ஜெயித்தவனும் கடைசியில் ஒரு உயரத்தில் தட்டிவிட்டுத்தான் வெளியே வருவான்.

கிராலிக்கும் வயது ஏறியது. ஆடுவதை 2007-ல் நிறுத்திவிட்டுச் சொல்லித்தர வந்தார். அவர் பயிற்சியில் அமெரிக்கப் பெண்கள் அணி 2014-ல் முதல்முறையாக உலக சாம்பியன் ஆனது. டோக்கியோவில் முதல்முறையாக ஒலிம்பிக் தங்கமும் வாங்கியது.

பெண்கள் என்றதும் நம் கல்லூரி விஷயம் ஒன்று ஞாபகம் வருகிறது. ஸ்போர்ட்ஸ் டேவில் மாணவியருக்கு வாலிபால் கிடையாது. கேட்டால் 'டீம் சேரலையே' என்பதுதான் பதில். இயந்திரவியலில் மூன்று வருஷமும் சேர்த்து விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவியர். ஆறு பேர் அணியும் மாற்று ஆட்டக்காரரும் எங்கிருந்து வருவார்கள்? ஆனால் இரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா? ஒரு வகுப்பில் நான்கு பேர் இருந்தால் இரண்டு ஜோடி ஆயிற்று, ஒரு மேட்ச்சே நடத்தலாம்!

எனவே மாணவர் பேரவைக்கு என் யோசனை. வருகிற ஸ்போர்ட்ஸ் டேவில் ஜோடி வாலிபால் வையுங்கள், இருபாலருக்கும். மணலுக்கு எங்கே போவது என்று பயப்பட வேண்டாம். முறைப்படி ஆட்டக்களம் 16-க்கு 8 மீட்டர். சுற்றிலும் குறைந்தது மூன்று மீட்டர் விட்டால் 22-க்கு 14. அதில் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் கொட்டணும். சிவில் நண்பர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சுமார் 123 கன மீட்டர், அதாவது நாற்பத்து மூன்று யூனிட்டுக்கு மேல். இன்றைக்கு ஒரு யூனிட் ஆற்றுமணல் விற்கிற விலைக்கு அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. எம்-சாண்டும் ஆகாது, விழுந்தால் தோலை உரித்துவிடும். நம் செம்மண் தரையே போதும். தண்ணீர் தெளித்து, கல் பொறுக்கி, பாய்ந்து விழாமல் ஆடலாம். வலை ஏற்கெனவே இருக்கிறது. ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டரில் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஜோடி சேர்வதில் மட்டும் ஒரு நிபந்தனை வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு சீனியருக்கு ஒரு ஃபர்ஸ்ட் இயர், அதுவும் சீட்டுக் குலுக்கி. இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் சேர்ந்துகொண்டு கோப்பையைத் தூக்கிப் போவதில் யாருக்கு லாபம்? எதிரி சர்வீஸ் எல்லாம் அந்தச் சின்னப் பையனுக்கோ பெண்ணுக்கோதான் வரும் என்று தெரிந்த மறுநாளிலிருந்து, சாயங்காலம் ஐந்தரைக்கு அந்தச் சீனியர் என்ன சொல்லிக்கொடுப்பார் என்பதை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். விருப்பம் உள்ளவர்கள் பேரவைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் பெயரை முதல் ஆளாகக் கொடுத்தாயிற்று.