ஸ்பானிஷுக்கு ரூட்டு தமிழ் வழியா!

பேகம்பூர்ல உட்கார்ந்துக்கிட்டு ஸ்பானிஷ் எதுக்குன்னு கேட்கறீங்களா? வேலை, மேல்படிப்பு, ஃபுட்பால் கமென்ட்ரி... காரணம் உங்க இஷ்டம் பாஸ். ஆனா "இங்கிலீஷே தகராறு, இதுல இது வேறயா"ன்னு ஒதுங்கறீங்க பாருங்க, அதைத்தான் பேசணும்.

கிராமர் புத்தகங்கள் அட்டவணை போட்டு மிரட்டும்: ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா... உருப்போடு! மிஷெல் தாமஸ் ஆடியோ பாடம் நேர் எதிர். எழுதாதே, மனப்பாடம் பண்ணாதே, கேட்டுக் கேட்டு வாக்கியம் கட்டு. டுவோலிங்கோ வாக்கியத்தைக் கொட்டும். விதியைப் பெரும்பாலும் நாமதான் பிடிக்கணும். மூணையும் பெரும்பாலும் இங்கிலீஷ் வழியாத்தான் படிக்கிறோம். சிக்கலே அங்கதான்.

'ஆப்லோ'ன்னா 'பேசுறேன்'. 'நான்' தேவையில்லை, விகுதியே ஆளைக் காட்டிடும். இது இங்கிலீஷ்காரருக்கு அதிசயம், நமக்குப் பழைய சோறு. நீ, நீங்க ரெண்டுக்கும் 'தூ', 'உஸ்தெத்' இருக்கு. 'மே குஸ்தா எல் பிரியாணி'யை இங்கிலீஷ்ல யோசிச்சா தலை சுத்தும். தமிழ்ல? 'எனக்குப் பிரியாணி பிடிக்கும்.' அவ்வளவுதான்!

எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஸெர், எஸ்தார். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே 'இஸ்'. தமிழ்ல 'அவர் டாக்டர்'னு வினையே இல்லாம சொல்றோமே, அது ஸெர். 'வீட்டுல இருக்கார்', 'காபி சூடா இருக்கு', இதெல்லாம் எஸ்தார். 'அவ உயரமா இருக்கா' மட்டும் காலை வாரும், அது ஸெர். 'உயரமானவ'ன்னு மாத்திப் பாருங்க, 'இருக்கா' காணாமப் போயிடும். இந்த ட்ரிக் எல்லா இடத்துலயும் செல்லாது, முக்கால்வாசி செல்லும்.

தமிழ் கைவிடுற இடம் ஆண்பால், பெண்பால். 'லா மேஸா', அதாவது மேசை, பெண்பாலாம்! (நம்ம மேசையே போர்ச்சுக்கீசியர் கொடுத்த சொல்தான்.) இதுக்கு மனப்பாடம்தான் சரி, சொல்லோட 'எல்', 'லா' சேர்த்தே உருப்போடுங்க. ஊர்ல அரபி இலக்கணம் படிச்சவங்களுக்கு இங்க டபுள் லாபம். சொல்லுக்குப் பால் இருக்கறதும், வினையை ஆள் மாத்தி மாத்தி ஒப்பிக்கிறதும் அவங்களுக்குப் பழக்கம். 711-லிருந்து 1492 வரை ஸ்பெயின் மண்ணுல முஸ்லிம் ஆட்சி இருந்ததால, அரபி 'சுக்கர்' அங்க 'அஸூகார்' ஆகி இன்னைக்கும் டீயில கலக்குது.

அதனால நோட்டுல இங்கிலீஷ் பத்திக்குப் பதிலா தமிழ் பத்தி ஒண்ணு போடுங்க. முதல் வரி 'ஆப்லோ - பேசுறேன்.' அடுத்தது 'ஆப்லாமோஸ்', அதை நீங்களே எழுதுங்க.