எந்தப் பாபநாசம்?

போன மாசம் அக்கா பையன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். இரண்டு நாளிலேயே பாபநாசம் அவனுக்குத் தீர்ந்துவிட்டது. திருப்பாலைத்துறை கோயிலுக்கு அழைத்துப் போய், நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தைக் காட்டினேன். "சூப்பர் மாமா!" என்று ஒரு செல்ஃபி. உள்ளே எத்தனை கலம் நெல் பிடிக்கும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டான்.

ராத்திரி லாப்டாப்பைத் திறந்து, "மாமா, நீங்க மெட்ராஸ்ல பேச்சிலரா ரூம்ல இருந்தவர்தானே? இதைப் பாருங்க" என்றான்.

'தி யங் ஒன்ஸ்'. 1982-லிருந்து 84 வரை பி.பி.சி.யில் வந்த காமெடி சீரியல். மொத்தமே 12 எபிசோடு. (நம்ம ஊர் சீரியலில் 12 எபிசோடுக்குள் கதாநாயகி மாடிப்படியே இறங்கி முடித்திருக்க மாட்டாள்!) நாலு காலேஜ் பசங்க, ஒரு வீடு. ரிக் என்பவன் எப்போது பார்த்தாலும் புரட்சி பேசுவான், கவிதை வேறு படிப்பான். விவியன் மருத்துவ மாணவன். சுவரையும் மண்டையையும் உடைப்பது பொழுதுபோக்கு. மைக், தன்னைத்தானே தலைவராக நியமித்துக்கொண்டவன். நாலாவது ஆள் நீல். நீளமுடி, சோக முகம். தினமும் இவன்தான் சமையல், தினமும் பருப்பு. மற்ற மூணு பேரும் திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் நீலைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சார், அது நான்தான்!

1986. திருவல்லிக்கேணியில் ஒரு மாடி ரூம், நாலு பேர். எங்கப்பா மூணு மாசத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து அரை மூட்டை பொன்னி அரிசி அனுப்புவார். அரிசி யாருடையதோ அவனே சமையல்காரன் என்று மற்ற மூணு பேரும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். எனக்குத் தெரிந்தது சாதம், பருப்பு, ஞாயிற்றுக்கிழமை விசேஷமாக இன்னும் கொஞ்சம் பருப்பு.

இந்த மாதிரி ரூம் கதைகள் ஏன் சாகாமல் இருக்கின்றன? குடும்பக் கதையில் கோபம் வந்தால் பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம். ரூமில் முடியாது. தனியாக வாடகை கொடுக்க எவனுக்கும் வக்கில்லை! காலையில் சோப்புக்கு அடித்துக்கொண்டவனோடு ராத்திரி ஒரே பாயில் படுத்தாக வேண்டும். லண்டனானாலும் லஸ்ஸானாலும் இதுதான் கதை. அமெரிக்காக்காரன் எடுத்த 'ஃப்ரெண்ட்ஸ்' பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நாள் பூரா காபி ஷாப்பில் உட்கார அவர்களுக்குக் காசு ஏது? என்னால் நம்ப முடியவில்லை.

நம்பும்படி எடுத்தவர் நம்ம நன்னிலம் பக்கத்து ஆள், கே. பாலசந்தர். 1980-ல் வந்த 'வறுமையின் நிறம் சிவப்பு'. டெல்லியில் ஒரு ரூம், கமல், எஸ்.வி. சேகர், திலீப். வேலை இல்லை, சாப்பாடும் இல்லை. சாப்பிடுவது போல நடிப்பார்கள். தியேட்டரே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை வந்தது, ஏனென்றால் அன்றைக்கு நானும் அதே மெனுதான்.

அதற்கு முன்னாலேயே 1968-ல் அவருடைய 'எதிர்நீச்சல்'. ஒரே வீட்டில் ஏகப்பட்ட குடித்தனம், மாடிப்படிக்குக் கீழே மாது. மாதுவாக நாகேஷ், கிட்டு மாமாவாக ஸ்ரீகாந்த், பாட்டெல்லாம் வாலி. வேடிக்கை என்னவென்றால், இந்த மூணு பேருமே நிஜத்தில் தியாகராய நகர் கிளப் ஹவுஸில் ஒன்றாகக் குடியிருந்தவர்கள். ரயில்வே குமாஸ்தா நாகேஷ், அமெரிக்கத் தூதரக வேலையில் ஸ்ரீகாந்த், ஸ்ரீரங்கத்திலிருந்து வாய்ப்புத் தேடி வந்த வாலி. பசியையும் பங்கு போட்டுக்கொண்ட ஆட்கள். மாதுவுக்கு நடிப்புச் சொல்லித் தரவா வேண்டும்?

எங்கள் ரூமில் வாலியும் இல்லை, நாகேஷும் இல்லை. திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் இருந்தார். சொந்த ஊர் என்னவென்று கேட்டால், "பாபநாசம்." ஆக, ரூமில் இரண்டு பாபநாசம்! "தாமிரபரணி விழுற ஊர்டே எங்களுது. அதுதான் ஒரிஜினல்" என்பார். "எங்க ஊரை வச்சே பாபநாசம் சிவன்னு பேரு, உங்க ஊருக்கு யாரு அண்ணாச்சி இருக்கா?" என்பேன். இரண்டு வருஷம் ராத்திரி பதினோரு மணிக்கு இதே பட்டிமன்றம்.

1988-ல் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். நாலு மாசம் என் பங்கு வாடகையை அண்ணாச்சி கட்டினார். 520 ரூபாய். கேட்டதே இல்லை. அப்புறம் அப்பாவுக்கு முடியாமல் போய் நான் ஊருக்கு வந்து, வந்தவன் வந்தவனாகவே தங்கிவிட்டேன். இரண்டு கடுதாசி போட்டேன், பணம் அனுப்பவில்லை. முதலில் பணம் இல்லை. பணம் வந்தபோது அனுப்ப வெட்கம். அவரிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்துக்குப் பதிலே எழுதவில்லை.

27 வருஷம் போச்சு. 2015 ஜூலையில் ஒரு போன்.

"என்னடே தஞ்சாவூரு, தோத்துட்டியா? கமலே எங்க பாபநாசம்தான்னு படம் எடுத்துட்டாருல்லா!"

எனக்குக் குரல் வரவில்லை. ஒருவழியாக, "அண்ணாச்சி, அந்த ஐநூத்தி இருபது ரூபா..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ரெண்டு வருசம் பருப்புத் தின்னதுக்கு நீதாம்டே நஷ்ட ஈடு தரணும். வட்டியோட சேத்து அரிசியா அனுப்பு!"

தை அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை கட்டி லாரி பார்சலில் போட்டேன். நாலாம் நாள் மூட்டை என் வீட்டு வாசலிலேயே வந்து இறங்கியது. அனுப்பும் ஊர் பாபநாசம், சேரும் ஊரும் பாபநாசம். குமாஸ்தா குழம்பி, நமக்கெதுக்கு வம்பு என்று உள்ளூரிலேயே டெலிவரி செய்துவிட்டார். இரண்டாம் முறை விவரமாக, பக்கத்து ஊரான விக்கிரமசிங்கபுரத்தின் பேரைப் போட்டு அனுப்பினேன். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

அண்ணாச்சி ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. அவர் ஊர் பேரை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேனாம்!