ஸ்பாக்கின் காதும் சக்திமானின் சுழலும்

சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் முப்பத்தைந்து வயதுக்காரர் யாரிடமாவது "முகேஷ் கன்னா தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார். "சக்திமான்?" என்று கேளுங்கள். ஒரு கையைத் தூக்கி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றிக் காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் ஓடிய தொடர் அது. ஹிந்தி புரியாவிட்டால் என்ன, பறப்பதும் அடிப்பதும் எல்லா மொழியிலும் ஒன்றுதானே :-)

வேடம் நினைவில் இருக்கிறது, வேடம் போட்டவர் பெயர் நினைவில் இல்லை. சாதாரண மறதிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் இதே மாதிரித் தொடர்களில் நடித்த சிலரை மட்டும் உலகம் ஐம்பது வருடம் கழித்தும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. அது எப்படி?

அமெரிக்காவின் ஸ்டார் ட்ரெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-ல் என்.பி.சி. சேனலில் தொடங்கியது. பார்த்தவர்கள் குறைவு. நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் பிஜோ ட்ரிம்பிள் என்ற ரசிகையும் அவர் கணவரும் முன்னின்று எல்லோரையும் சேனலுக்குக் கடிதம் எழுத வைத்தார்கள். கடிதம் மலை மாதிரி குவிந்தது. 1968-ல் மூன்றாவது சீசன் உறுதியானது. அப்படியும் மொத்தம் 79 பகுதிகளோடு 1969-ல் கதை முடிந்தது.

அதாவது, முடிந்தது என்று சேனல் நினைத்தது. உள்ளூர் சேனல்கள் பழைய பகுதிகளை வாங்கித் திரும்பத் திரும்பப் போட்டன. முதல் தடவை பார்க்காத பிள்ளைகள் எல்லாம் இப்போது பார்த்தார்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரத்துக்கும் மேல் வந்து சேர்ந்தார்கள்!

இதில் நடிகர்களுக்கு என்ன லாபம்? அன்றைய ஒப்பந்தப்படி முதல் சில மறு ஒளிபரப்புகளுக்கு மட்டும்தான் அவர்களுக்குப் பணம். அதற்குப் பிறகு எத்தனை நூறு தடவை ஓடினாலும் சல்லிக்காசு கிடையாது. போதாக்குறைக்கு, ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹனுக்கு வேறு வேடம் கிடைப்பதே சிரமமாக இருந்தது. அந்த நேரத்தில் அவர்களைக் கூப்பிட்டு, மேடையேற்றி, பணமும் கொடுத்தவை ரசிகர் மாநாடுகள்தான். "கையெழுத்துக்குக் காசு வாங்குகிறார்கள்" என்று கேலி பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சங்ககிரியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் வழியில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வருகிறது. இங்கே படிப்பவர்கள் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஸ்காட்டியைப் பார்த்துதான் இன்ஜினியரிங் படிக்க வந்தோம் என்று ஏகப்பட்ட மாணவர்கள் சொன்னதால், மில்வாக்கி பொறியியல் கல்லூரி டூஹனுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. உஹுராவாக நடித்த நிச்செல் நிக்கோல்ஸ் 1977-ல் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய், பெண்களையும் கறுப்பின மக்களையும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். அவரைத் திரையில் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-ல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். ஒரு டி.வி. வேடம் இவ்வளவு தூரம் போகும்!

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமாய் 1975-ல் தன் சுயசரிதைக்கு 'நான் ஸ்பாக் அல்ல' என்ற பொருளில் பெயர் வைத்தார். ரசிகர்கள் முகம் சுருங்கியது. 1995-ல் வந்த அடுத்த புத்தகத்துக்கு 'நான்தான் ஸ்பாக்' என்று வைத்தார். ரசிகர் அன்பு ஒரு மனிதனின் சொந்தப் பெயரையே விழுங்கப் பார்க்கும். அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் யாருமே நினைக்காமல் போவது அதைவிடக் கொடுமை. இங்கிலாந்தின் டாக்டர் ஹூ தொடருக்கு நடந்தது தெரியுமா? 1960களில் எடுத்த பகுதிகளின் டேப்புகளை பி.பி.சி. அழித்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் பல ஆண்டுகளாகக் கிடைக்கவே இல்லை. இரண்டாவது டாக்டராக நடித்த பேட்ரிக் ட்ரௌட்டனின் உழைப்பில் பெரும்பகுதி அதோடு போனது. ஆனாலும் காணாமல் போன எல்லாப் பகுதிகளின் ஒலி மட்டும் இன்றும் இருக்கிறது. காரணம், அன்று வீட்டில் டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்த சில ரசிகர்கள்!

இப்போது நம் பக்கம் வருவோம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. ஆனந்த், சிவரஞ்சனி நடித்தார்கள். இன்று இயந்திர நாய் ஜீனோவைத் தெரியாத தமிழ் வாசகர் குறைவு. தொடரில் நடித்தவர்கள் பெயரைச் சட்டென்று சொல்பவர்கள் அதைவிடக் குறைவு. புத்தகம் மறுபதிப்பாக வந்துகொண்டே இருக்கிறது. தொடர் அந்த அளவுக்குக் கைக்கு எட்டவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மர்மதேசத்தைப் பாருங்கள். அறிவியல் புனைவு என்று சொல்ல முடியாது, அமானுஷ்யக் கதைதான். நாகா இயக்கிய அந்தத் தொடரைக் கவிதாலயா நிறுவனம் யூடியூபில் ஏற்றியது. விளைவு, தொடர் வந்தபோது பிறக்காத பிள்ளைகள் கூட 'விடாது கருப்பு' சேத்தனையும் தேவதர்ஷினியையும் பற்றிப் பேசுகிறார்கள். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் சக்திமானை மறுபடி ஒளிபரப்பியபோதும் அப்பாக்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார்கள்.

சங்ககிரிக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. தீரன் சின்னமலை இங்கே தூக்கிலிடப்பட்டது 1805-ல். ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு கூட்டம் கூடி மாலை போடுவதால்தான் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியும். நடிகரும் தியாகியும் ஒன்றல்ல. ஆனால் நினைவு வேலை செய்யும் விதம் ஒன்றுதான். திரும்பத் திரும்பச் செய்தால் நிற்கும்.

தமிழ்நாட்டு ரசிகனிடம் அன்புக்குப் பஞ்சமில்லை. மன்றம் இருக்கிறது, ஃப்ளெக்ஸ் இருக்கிறது, கட்அவுட்டுக்குப் பால் இருக்கிறது, ரத்ததானம் கூட நடக்கிறது. ஆனால் எல்லாம் ரிலீஸ் நாளுக்காக. படம் தியேட்டரை விட்டுப் போனதும் மன்றமும் அடுத்த படத்துக்குக் காத்திருக்கப் போய்விடுகிறது. டி.வி. நடிகருக்கோ அந்த ஒரு நாளும் கிடையாது.

எனவே நண்பர்களே, ரசிகன் என்றால் கூவுகிறவன் மட்டும் இல்லை, பாதுகாக்கிறவனும்தான். வீட்டுப் பரணில் பழைய வி.எச்.எஸ். கேசட் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும் முன் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். பழைய தொடர்களை மறுபடி காட்டச் சொல்லி தூர்தர்ஷனுக்கு எழுதுங்கள். ட்ரிம்பிள் தம்பதி தபால்தலை ஒட்டி அனுப்பினார்கள், இன்று ஒரு மின்னஞ்சல் போதும். நண்பர்களிடம் அந்தத் தொடர்களைப் பற்றிப் பேசும்போது நடித்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொசுறாக ஒரு தகவல்: சக்திமானின் எதிரி கில்விஷாக நடித்தவர் சுரேந்திர பால். அதற்கு முன் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் முகேஷ் கன்னா பீஷ்மர், இவர் துரோணர்!