பூனைக்கும் ஒரு வீடு

பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பது நம் பாட்டிமார் வாய்ச்சொல். தாய்ப்பூனை குட்டிகளைக் கௌவிச் சென்று மாற்றுவது அவற்றின் பாதுகாப்பை எண்ணியே. அதே குட்டிகளை எட்டாவது முறையாக மனிதன் மாற்றுகிறான். அவன் கொண்டுபோய் விடும் இடம் வீடாக இருப்பதில்லை. சந்தை மூலை, பேருந்து நிலையம், கோயில் வாசல், தேயிலை மலையின் ஓரம் என்று அது எங்கேனும் ஓரிடமாகிறது. பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை ஆகிய ஊர்களின் வழியே நடப்பவர் எவரும் இந்தக் காட்சியைக் கண்டிருப்பர். கண்டும் கடந்து போயிருப்பர். இவ்வாரம் அன்பர்களுடன் அது பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

தமிழ் இலக்கியம் பூனையைப் புறக்கணித்ததில்லை. தொல்காப்பிய மரபியல், கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு வெருகையும் சேர்த்து, அவற்றின் இளமைக்குக் ‘குட்டி’ என்ற பெயரை உரிமையாக்குகிறது. இராமகாதை சொல்லப் புகுந்த கம்பர், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க முற்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் கூறினார். குட்டியைத் தானே கௌவிக் காக்கும் பூனையை இறைவனின் அருளுக்கு உவமையாக்கி, மார்ச்சார நியாயம் என்று பெயரிட்டனர் வைணவப் பெரியோர். பாரதியாரோ ‘முரசு’ப் பாட்டில், ஒரு வெள்ளைப் பூனை ஈன்ற பல நிறக் குட்டிகளைக் காட்டி, நிறத்தால் உயிர்க்கு ஏற்றத் தாழ்வு இல்லை என்று நிறுவினார். அக்குட்டிகளுள் ஒன்று பாம்பின் நிறத்தது. சாம்பலும் மண்ணிறமும் கலந்த உடலில் கரிய கோடுகள் ஓடும் வரிப்பூனையே அது என்பது என் எண்ணம்.

அந்த வரி பூனைக் குலத்தின் மிகப் பழைய ஆடை. இன்றைய வீட்டுப் பூனைகளின் மூதாதை ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் திரிந்த வரியுடைய காட்டுப் பூனை. மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கினான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்தமை 2004இல் வெளியான ஆய்வினால் தெரியவந்தது. பழம் பூனை எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, கோடுகள் கலைந்து பெரும் சுழிகளாகத் தோன்றும் வகை 14ஆம் நூற்றாண்டளவிலேயே தென்படத் தொடங்கியது என்கிறது. அதற்கு முன்னர் மனிதரோடு வாழ்ந்த பூனைகளின் கோலம் நேர்கோட்டு வரியே. ஆகவே வரிப்பூனையைச் சாதாரணப் பூனை என்று ஒதுக்கி, கூண்டில் விற்கும் அயல்நாட்டு இனத்துக்குப் பணம் கொடுப்போர், ஒரு நெடிய உறவின் மூத்த பிள்ளையையே ஒதுக்குகின்றனர்.

பதுளையில் கைவிடப்பட்ட பூனைகளைத் தம் வீட்டுப் பின்கட்டில் வைத்துப் பேணும் ஒரு குடும்பத்தை நான் அறிவேன். அங்கிருந்தே ஒரு வரிப்பூனைக் குட்டியைப் பெற்று வந்தேன். உரப்பையொன்றில் கட்டி வீதியோரம் எறியப்பட்டிருந்த குட்டிகளில் உயிரோடு எஞ்சியது அது. பெட்டை. கடுவன் குட்டியைக் கேட்டு வருவோர் உண்டு. பெட்டையைக் கேட்போர் அரியர் என்று அவ்வீட்டு அம்மையார் கூறினார். குட்டியைக் கையில் தருமுன் அவர் என்னைச் சில கேள்விகள் கேட்டார். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? வெளியூர் போனால் சோறு வைப்பவர் யார்? இரவில் உள்ளே வைத்துக் கொள்வீர்களா? பருவம் வந்ததும் கருத்தடை செய்விப்பீர்களா? இடம் மாறிப் போனால் இதனையும் அழைத்துச் செல்வீர்களா? பெண் கேட்டுப் போன இடத்தில்கூட இத்தனை விசாரணை நடந்திராது. ஆயினும் அவர் கேட்டது முற்றும் நியாயம். வீட்டுப் பூனை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. ஒரு நிமிட இரக்கத்தால் எடுத்து, ஓராண்டுச் சலிப்பால் விடுவதற்குத் தத்து என்று பெயர் சொல்லலாகாது.

இதனை நான் ஒரு நண்பரிடம் கூறியபோது, அவர் தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர், சற்றே கசப்புடன் கேட்டார்: “மனிதருக்கே இடமில்லாத லயத்து மக்களிடமா பூனைக்கு இடம் கேட்கிறீர்?” இக்கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் தலைமுறைகள் வாழ்ந்த வரலாறு இது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு நாளைக்கு ஒதுக்கி வைத்தது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையிலும் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்து பல உயிர்களைக் கொண்டன. வீடு என்ற சொல்லின் விலையை இம்மக்களுக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் நண்பரின் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. லயத்தில் பூனைக்கு இடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அங்கே இடம் முன்னமே உண்டு. அடுப்படிச் சூட்டில் ஒரு பூனை சுருண்டு கிடக்காத லயம் அரிது. அரிசி மூட்டையை எலியிடமிருந்து காப்பது அது. இஸ்தோப்பில் குழந்தையோடு விளையாடுவதும் அது. இரக்கம் அங்கே குறைவுபடவில்லை. குறைவுபட்டது உதவி. ஒரு பெட்டைப் பூனையைக் கருத்தடைக்காக நகரத்து மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வதென்றால், ஒரு நாள் பேர் இழக்க வேண்டும். பேருந்துக் கூலி வேண்டும். வைத்தியச் செலவு வேண்டும். கொழுந்து எடுத்துப் பிழைக்கும் குடும்பத்தால் இது இயலுமா? இயலாத இடத்தில் உரப்பை கைக்கு வருகிறது. எறிபவரை மட்டும் கொடியவர் என்று ஏசுவது நமக்கு எளிது, நீதி ஆகாது.

கணக்கைப் பாருங்கள். பூனையின் கருக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். பிறந்து ஐந்தாறு மாதத்திலேயே பெட்டை தாயாகும் பருவம் எய்திவிடும். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்று கொண்டாலும், ஒரு பூனையால் எட்டுக் குட்டிகள். அவற்றுள் பாதி பெட்டை என்றால் அடுத்த ஆண்டு என்னாகும்? ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு பெருக்கற் கணக்காகவே கொடுக்கலாம். எத்தனை நல்லுள்ளங்கள் பின்கட்டைத் திறந்து வைத்தாலும், அந்தக் கணக்கை வெல்வது கருத்தடை ஒன்றே.

இதில் மனிதர் நலமும் அடங்கியுள்ளது. நீர்வெறுப்பு நோயைப் பரப்புவதில் நாயே முதன்மையானது எனினும், பூனையாலும் அது வரும். அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது மிக அரிது; தடுப்பதோ எளிது. மூன்று மாதக் குட்டிக்குத் தடுப்பூசி போட்டு, மிருக வைத்தியர் கூறும் காலத்தில் மீண்டும் போடுவித்தல் வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். பீலிக்கரையில் நின்று விளையாடும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆதலால் நான் வேண்டுவன இரண்டு. நகரத்திலே வசதியோடு வாழ்வோர், பூனை வளர்க்க விரும்பினால் கடைக் கூண்டை நாடாது, கைவிடப்பட்டவற்றுள் ஒன்றை எடுத்து வளர்க்கட்டும். அதுவும் பெட்டையாகவே கேட்டு எடுக்கட்டும். மிருக வைத்தியத் துறையினரும், பிரதேச சபைகளும், தோட்ட நிர்வாகங்களும் கூடி, ஆண்டில் ஒரு முறையேனும் கருத்தடையையும் தடுப்பூசியையும் மலை மேலே கொண்டு செல்லட்டும். பிள்ளைக்காம்பிராவுக்குக் குழந்தைகளுக்கான தடுப்பூசி ஏறி வந்த பாதையில், பூனைக்குரியது ஏறி வர முடியாதென்பது பொருந்துமா? பாடசாலை மண்டபம் ஒன்றும் ஒரு விடுமுறை நாளும் கிடைத்தால் போதும். மண்டபத்தை ஆசிரியர் தேடித் தரலாம். எந்த லயத்தில் எத்தனை பெட்டை என்ற பட்டியலை மாணவர் எழுதித் தரலாம்.

மனிதரைத் தலை எண்ணிய பட்டியல்கள் இம்மலைகளுக்குப் பழக்கமானவை. அவை எழுதப்பட்டது யாரை அனுப்புவது என்று தீர்மானிக்க. இந்தப் பட்டியல் யாரையும் எறியாமல் இருப்பதற்காக எழுதப்படட்டும்.