வீடு ‘வடு’ ஆகுது

பிரெஞ்சில ‘கஃபே’ எண்டு எழுதினால் கடைசி எழுத்துக்கு மேல ஒரு சாய்கோடு வரும். அந்தக் கோடு இல்லாமல் தேடினாலும் சொல் கிடைக்கோணும் எண்டுதான் குறிகளை நீக்கும் நிரல்கள் எழுதப்பட்டன. நல்ல விசயம்தான்.

பிரச்சினை, எதைக் ‘குறி’ எண்டு எடுக்கிறது என்பதில் இருக்கு. பைதனில் கனபேர் பிரதிபண்ணிப் போடும் சில வரிகள், யூனிகோட் தனியிடம் பிடிக்காத குறி என்று வகைப்படுத்திய எல்லாத்தையும் அழித்துவிடும். எங்கட மெய்ப்புள்ளியும் ஈகாரக் குறியும் அந்த வகைக்குள்தான். அப்ப ‘வீடு’ வடுவாகும், ‘மீன்’ மனவாகும், ‘தமிழ்’ புள்ளியை இழக்கும்.

“தேடலுக்கு மட்டும்தானே மச்சான்” எண்டு சொல்லலாம். வடுவைத் தேடுறவனுக்கு வீடு வந்து நிண்டால் அது என்ன தேடல்? அதே வரிகள் பெயர்ப் பதிவுக்குள் போனால், ‘கண்ணன்’ ‘கணணன’ எண்டுதான் சேமிக்கப்படுவான்.

புள்ளி எங்களுக்கு அலங்காரமில்லை. அது எழுத்தின் பாதி. இலத்தீன் எழுத்தோட வாற குறிகளை மட்டும் நீக்கச் சொன்னால் தமிழுக்குச் சேதமில்லை. அதுக்கு ஒரு வரி மாத்தினால் போதும். நிரல் எழுதுற ஆக்களே, வெளியிட முதல் உங்கட பெயரை ஒருக்கா உள்ள போட்டுப் பாருங்கோ.