பழைய பிக்கப்பும் பத்தாம் நம்பர் ஸ்பானரும்

சான்பாடாவுல எங்க பில்டிங்குக்குப் பின்னாடி ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி இருக்கார். பதினாலு வயசு டீசல் பிக்கப்தான் அவருக்குச் சோறு போடுது. விடியக்காலையில வாஷி மார்க்கெட்டுல முருங்கைக்காயும் வாழை இலையும் ஏத்திக்கிட்டு மாட்டுங்கா கடைகளுக்குப் போடுவார்.

போன மாசம் ஒரு நாள் சாவியைத் திருப்பினா 'டிக்'குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒரு மெக்கானிக் பேட்டரி போச்சுன்னார். புதுசு போட்டாச்சு. ரெண்டு நாள் ஓடிட்டு மறுபடியும் 'டிக்'. அடுத்தவர் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழட்டி கார்பன் பிரஷ் மாத்தினார். அப்பவும் 'டிக்'. அதுக்குள்ள மாட்டுங்காவுல ரெண்டு கடைக்காரங்க வேற வண்டி பிடிச்சுட்டாங்க.

ஞாயித்துக்கிழமை மல்டிமீட்டரோட போனேன். பேட்டரியில 12.6 வோல்ட், குறையே இல்லை. அண்ணாச்சியைச் சாவி திருப்பச் சொல்லிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினோட வெறும் இரும்புக்கும் நடுவுல அளந்தேன். அரை வோல்ட்டைத் தாண்டினாலே எர்த் சரியில்லைன்னு அர்த்தம். இங்க ரெண்டைத் தாண்டுச்சு! எர்த் ஒயர் போல்ட்டுக்கு அடியில ஒரே துரு. ஸ்பானரால கழட்டி, உப்புத்தாளால தேய்ச்சு மாட்டினேன். ஒரே சாவியில ஸ்டார்ட் :-)

நான் பெரிய மேதாவின்னு சொல்ல வரலைங்க. பழைய வண்டியில காசைத் தின்னுறது அதோட வயசு இல்லை, நம்ம ஊகம். மெக்கானிக்கும் பாவம், வாசல்ல பத்து வண்டி நிக்குது, அளக்க நேரமில்லை. ஆனா "எப்படித் தெரியும்?"னு கேக்க நமக்கு உரிமை இருக்கு. நல்ல மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டார், காட்டுவார்.

புகையைப் பாருங்க. கருப்புன்னா முதல்ல ஏர் ஃபில்டர். நீலம்னா எஞ்சின் ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்காம, கூலன்ட்டும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்க. சூடு ஏறினா ஓரங்கட்டி அணைச்சுடுங்க, ஆறுற வரைக்கும் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. பிரேக் மிதி பஞ்சு மாதிரி இறங்கினா மட்டும் சோதனையெல்லாம் வேண்டாம், வண்டியையே எடுக்காதீங்க.

மழை இன்னொரு பாடம். 2005 ஜூலை 26-ம் தேதி சான்டாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மி.மீ. கொட்டுச்சே, அந்த மாதிரி வெள்ளத்துல முங்கின வண்டியை உடனே ஸ்டார்ட் பண்றதுதான் பெரிய தப்பு. தண்ணியை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். அவசரத்துல திருப்பின ஒரு சாவிக்கு ஒரு எஞ்சின் விலை.

அண்ணாச்சிக்கு ஒரு கடை திரும்பி வந்துடுச்சு. இன்னொண்ணு இன்னும் வரலை. ஊர்ல உங்க அப்பாவோ மச்சானோ பழைய வண்டி வச்சிருந்தா, அடுத்த தடவை போறப்ப அல்வாவோட ஒரு மல்டிமீட்டரும் வாங்கிட்டுப் போங்க.